இரண்டு ஆயாக்கள்

சோர்க்கி 4 என்னிடம் பல வருஷங்களாக இருக்கிறது. யாஷிகா எலெக்ட்ரோ 35 சமீபத்தில்தான் கைக்கு வந்தது. அதைப் புதிய காமிரா என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அந்த மாடல் 1966இல் வந்தது; என் சோர்க்கியின் எண்ணோ 67 என்று தொடங்குகிறது. பழையது என்று நான் சொல்வது வயதை அல்ல.

சோர்க்கியில் பிலிமைச் சுற்றிய பிறகே வேகத்தைத் திருப்பலாம். முறை தவறினால் உள்ளே ஏதாவது கெட்டுப்போகும். வெளிச்சத்தை நாமேதான் ஊகித்துக்கொள்ள வேண்டும். யாஷிகாவில் துவாரத்தின் அளவு மட்டும் நம் பொறுப்பு. வேகத்தை அதுவே தீர்மானித்துக்கொள்கிறது. வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் விளக்கு, மிஞ்சினால் சிவப்பு. அதற்கான பாதரச பாட்டரி இப்போது கிடையாது. வேறொன்றை முட்டுக்கொடுத்துச் செருகியிருக்கிறேன். அது தீர்ந்துவிட்டால் இந்தப் புத்திசாலிக்கு 1/500 தவிர எதுவும் தெரியாது.

இரண்டையும் மாட்டிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை போனேன். வாழவந்தி நாட்டில் ஒரு களத்தில் ஆயா ஒருத்தி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். யாஷிகாவை எடுத்து அழுத்தினேன். சத்தமே இல்லை. அவளுக்குத் தெரியவும் இல்லை. முறத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டது போலிருந்தது எனக்கு.

பிறகு அவளே கவனித்துவிட்டாள்.

"நான் போனப்புறம் வெச்சுக் கும்புட ஒரு படம் புடி சாமி. எம்படம்னு ஒண்ணும் இல்ல."

உள்ளே போய் வேறு சீலை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி வந்து நின்றாள். இப்படிப்பட்ட படத்துக்குச் சோர்க்கிதான் தகும் என்று தோன்றியது. (தோன்றியதில் கொஞ்சம் அகம்பாவமும் உண்டு.) கண்ணாடியில் ஆயா இரண்டாகத் தெரிந்தாள், ஒருத்தி மேல் ஒருத்தி. லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பினேன். இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒருத்தியானார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று படம்.

செம்மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பார்த்தேன், லென்ஸில் மூடி இருந்தது. இவ்வகைக் காமிராவில் நாம் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக. படம் விழுவது வேறொரு துளை வழியாக. மூடி இருந்தாலும் உலகம் தெளிவாகத் தெரியும். யாஷிகாவை எடுத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. அதன் ஒளிக்கண் லென்ஸுக்கு வெளியே, உடம்பில் இருக்கிறது. இருட்டைப் பிடிக்கச் சரியான வேகத்தை அது நிதானமாகக் கணக்கிட்டுத் தந்திருக்கும்.

மிஞ்சியது திருடிய படம் ஒன்றுதான். நன்றாகவே வந்திருந்தது. குனிந்த முகம், காற்றில் உமி. நான் எடுத்தவற்றில் இதைவிடச் சிறந்தது இல்லை என்றுகூடச் சொல்வேன். பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன்.

ஆயா வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது வேல செய்யறப்பல்ல. அந்தச் சீலைல புடிச்சது எங்க சாமி?"

"அது விழலை ஆயா."

படத்தை என்னிடமே கொடுத்துவிட்டுச் சீலை மாற்ற உள்ளே போனாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. யாஷிகாவின் பட்டனைப் பாதி அழுத்திப் பார்த்தேன். மஞ்சள். சோர்க்கியின் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.