எண்ணெய் சூடாகட்டும் மாப்ள

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்ட விஷயம் இது. கார் பைத்தியங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஓடிடாதீங்க, கொஞ்சம் குடும்பக் கதையும் இருக்கு :-)

போன மார்கழியில் அப்பாவோட திதி. விழுப்புரத்துலேருந்து திண்டிவனத்துக்கு விடிகாலை அஞ்சரைக்கே கிளம்பினோம். அக்கா பையன் புது (அதாவது, செகண்ட் ஹேண்ட்) ஸ்போர்ட்ஸ் காரில் வந்திருந்தான். ரெண்டே கதவு, தரையோட தரையா ஒரு வண்டி. "நாப்பது கிலோமீட்டர்தானே மாமா, பாருங்க"ன்னு ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை தாண்டறதுக்குள்ள ஆக்ஸிலேட்டரை மிதிச்சான்.

"டேய், எண்ணெய் சூடாகட்டும்டா!"

கத்தினது நான்தான். ஆனா அது அப்பாவோட வசனம்.

அப்பா திண்டிவனத்தில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணிட்டு, அம்மா கோலம் போட்டு முடிக்கிற வரைக்கும் வண்டியை நகர்த்த மாட்டார். நான் படிப்பு முடிச்சு சும்மா இருந்த வருஷம் அவருக்கு முதுகுவலி. ஒரு மாசம் காலைச் சவாரியெல்லாம் நான்தான். காத்திருக்கிறது கிழவங்க வேலைன்னு நினைப்பு. ஸ்டார்ட் ஆன உடனே விரட்டுவேன். மாசக் கடைசியில் எஞ்சின் அடியிலேருந்து 'டொக் டொக்'னு சத்தம். பேரிங் காலி. ரெண்டு வாரம் வண்டி ஷெட்டுல. அந்தப் பொங்கலுக்கு வீட்டில் யாருக்கும் துணி எடுக்கலை. மெக்கானிக்கிட்ட அப்பா, "எண்ணெய் மாத்தாம விட்டுட்டேன், என் தப்புதான்"னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இது என்ன ஊட்டியா மாமா? இருபது டிகிரி இருக்கு"ன்னான் பையன். நமக்குத்தான் அது குளிர் இல்லை, எண்ணெய்க்குக் குளிர்தான். டப்பாவில் 5டபிள்யூ-30ன்னு போட்டிருக்கும். டபிள்யூன்னா விண்டர். முன்னாடி இருக்கிற எண் கடுங்குளிரில் எண்ணெய் எப்படி நடந்துக்கும்னு சொல்றது; பின்னாடி இருக்கிற 30, நூறு டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டின்னு சொல்றது. அந்த நூறு டிகிரியோட ஒப்பிட்டா, இருபது டிகிரியில் அதே எண்ணெய் பத்து மடங்குக்கும் மேல கெட்டி. அந்த நிலைமையில் எஞ்சினை அலற விட்டா அழுத்தம் ஏறும், ஃபில்டரோட பைபாஸ் வால்வு திறந்துக்கும், வடிகட்டாத எண்ணெய் நேரா பேரிங்குக்குப் போகும். பிஸ்டனும் இன்னும் விரிஞ்சு சரியா உட்கார்ந்திருக்காது.

பையன் டேஷ்போர்டைக் காட்டினான். "முள்ளு நடுவுல வந்துடுச்சே?" அது தண்ணி முள்ளு. தண்ணி அஞ்சு நிமிஷத்தில் சூடாயிடும், எண்ணெய்க்கு அதைப் போல ரெண்டு, மூணு மடங்கு நேரம் ஆகும். நம்ம சாதா கார்களில் எண்ணெய்க்குத் தனி முள்ளே கிடையாது. அவன் வண்டியில் இருந்தது, அது இன்னும் படுத்தே கிடந்தது. 2000லேருந்து 2006 வரை வந்த பி.எம்.டபிள்யூ எம்3யில் இதுக்குன்னே ஆர்.பி.எம். மீட்டரைச் சுத்தி விளக்கு வெச்சிருந்தாங்க. எண்ணெய் சூடாக ஆக ஒவ்வொண்ணா அணையும், அதுவரைக்கும் மிதிக்காதேன்னு அர்த்தம். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஓட்டின ஃபார்முலா 1 கார் மாதிரி வண்டிகளில், வெளியிலேருந்தே சூடேத்தின பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட்டே பண்ணுவாங்க.

அப்பா சொன்னது எல்லாமே இன்னைக்குச் செல்லாது, அதையும் சொல்லிடறேன். சோக் வெச்ச அம்பாசிடருக்கு அந்தக் காத்திருப்பு சரி. இப்போ இருக்கிற வண்டியை நிறுத்தி வெச்சே கால் மணி நேரம் ஓட விட்டா எண்ணெய் மெதுவாத்தான் சூடாகும், பெட்ரோல்தான் வீண். அரை நிமிஷம் போதும். அப்புறம் ரெண்டாயிரம், ரெண்டாயிரத்தி ஐந்நூறு ஆர்.பி.எம்.முக்குள்ள மெதுவா உருட்டணும். எண்ணெய் எண்பதைத் தாண்டின பிறகு உங்க இஷ்டம்.

இன்னொண்ணு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். பெரும்பாலும் புகையோட ஆவியாப் போயிடும், கொஞ்சம் எண்ணெயில் இறங்கும். எண்ணெய் நல்லா கொதிச்சாத்தான் அது வெளியேறும். தினமும் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டுன்னு ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடற என் காரில், எண்ணெய் மூடியைத் திறந்தா உள்ளே மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தது. அதுலேருந்து ஞாயித்துக்கிழமை தவறாம திண்டிவனம் வரை ஒரு நடை போய் வர்றேன்.

அன்னைக்கு விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டின பிறகுதான் எண்ணெய் முள்ளு தொண்ணூறைத் தொட்டது. "இப்போ மாமா?"ன்னான். "இப்போ போ மாப்ள"ன்னேன். கூட்டேரிப்பட்டு எப்போ வந்தது, எப்போ போச்சுன்னே தெரியலை. வேகமா, இல்லை வேற நினைப்பான்னு சொல்லத் தெரியலை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினதும் பேரிங் கதையை அவன்கிட்ட சொன்னேன். அப்பா இருந்தவரைக்கும் அவர்கிட்ட ஒத்துக்காத விஷயம் அது.

"தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும் மாமா"ன்னான்.

தெரியும்டா. அதான் திரும்பிப் பார்க்கலை.