பொடி எழுத்தில் ஒரு வரி

அத்தையின் தைராய்டு ரிப்போர்ட். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சின் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘முறை: சி.எல்.ஐ.ஏ.’ கோவை காந்திபுரத்தில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு நேரே காபிக்கு ஓடுகிற யாரும் இதைப் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. கெமிலுமினசன்ஸ் இம்யூனோஅஸே என்பதன் சுருக்கமாம். கெமிலுமினசன்ஸ் என்றால் வேதிவினையில் பிறக்கும் வெளிச்சம்.

*

காந்தப் பொடிமணிகள் மேல் ஆன்டிபாடி. அது டி.எஸ்.எச்.சைப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கத்தை இன்னொரு ஆன்டிபாடி பிடிக்கும். அதன் முதுகில் ஒளிதரும் அக்ரிடினியம். காந்தத்தால் மணிகளை ஒதுக்கி, மிச்சத்தைக் கழுவிவிட்டு, பெராக்சைடு, பிறகு காரம். ஒரு மின்னு மின்னிச் சில விநாடியில் அணைந்துவிடும். வந்த வெளிச்சத்தைக் கருவி அளந்து எண்ணாக்குகிறது.

விளக்கடித்து நிறம் பார்க்கிற சோதனையில் விளக்கே இடைஞ்சல். இதில் விளக்கே இல்லை. கரண்ட் போன ராத்திரி தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்தால் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இழுக்கும் பீடிகூடத் தெரியும், மத்தியானத்தில் தெரியுமா? டி.எஸ்.எச்.சின் சாதாரண அளவு சுமார் 0.4 முதல் 4 வரை. நல்ல கருவி 0.01 பக்கம்வரை இறங்கிப் படிக்கிறது.

*

அத்தை மகளுக்கு டி.எஸ்.எச். போன வருஷம் திடீரென்று தரைக்கு இறங்கியது. ஆளுக்கோ ஒரு குறையுமில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “முடி கொட்டுதுன்னு ஏதாச்சும் மாத்திரை போடறயா கண்ணு?” போட்டிருக்கிறாள். பயோட்டின். பல கருவிகளில் ஆன்டிபாடியை மணியோடு கட்டுகிற கயிறே பயோட்டின்தான். ரத்தத்தில் அது நிறைந்திருந்தால் கயிறு கட்ட இடமிருக்காது. வெளிச்சம் குறையும், எண்ணும் குறையும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்த விஷயம். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து எடுத்தபோது எண் சரியாக வந்தது. அதுவரை வீடு பட்ட பாடு தனிக்கதை.

*

சினிமாப் போலீஸ் ரத்தக்கறை தேடத் தெளிக்கும் லூமினாலும் இதே இனம். 1937 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையும் நீலமாக மின்னும் என்பதைச் சினிமா சொல்வதில்லை.

*

குறிச்சி சிட்கோவில் காற்றுத்தரம் பார்க்கும் நிலையம் இருக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் ஒப்புக்கொண்ட வழிகளில் ஒன்று இந்த வெளிச்ச முறை. நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்தால் ஒளி வரும். பெரும்பகுதி அகச்சிவப்பு, நம் கண்ணுக்குச் சிக்காது. டை ஆக்சைடு அப்படியே மின்னாது. சூடான மாலிப்டினம் வழியாக விட்டு நைட்ரிக் ஆக்சைடாக்கிய பிறகுதான் அளக்க முடியும். அந்த உலோகம் வேறு சில நைட்ரஜன் சேர்மங்களையும் சேர்த்து மாற்றிவிடுவதால் கணக்குக் கொஞ்சம் கூடவே நிற்கும். கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற ஒரு நாள் சராசரி வரம்பை ஒட்டி எண் வரும் அன்று இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

*

மின்மினியின் வெளிச்சமும் வேதிவினையில் பிறப்பதுதான். ஆனைமலைக் காட்டு மின்மினிகளை ஸ்ரீராம் முரளி எடுத்த படம், 2023-இல் உலக வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்றது. 19 விநாடிப் படங்கள் ஐம்பதைச் சேர்த்தது. மின்மினி மின்ன உயிரணுக்களின் எரிபொருளான ஏ.டி.பி. வேண்டும் என்று 1947-இல் விஞ்ஞானி மெக்எல்ராய் கண்டார். அவருக்குப் பூச்சி பிடித்துத் தந்த பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 25 சென்ட் கூலி. உயிருள்ளது எதிலும் ஏ.டி.பி. உண்டு. அதனால் கழுவிய பால் குழாயில் அழுக்கும் கிருமியும் மிச்சமா என்று பார்க்க, பஞ்சால் துடைத்து மின்மினி நொதியில் விட்டால் போதும்; மின்னினால் இன்னொரு முறை கழுவ வேண்டியதுதான்.

*

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“என்ற ரத்தம் மினுக்குதுங்கறயா சாமி?”

“ரத்தமில்லீங்க அத்தை, அதுல ஒட்டவிட்ட மருந்து.”

“அதுக்கா அவ்வளவு காசு வாங்குனாங்க?”