இறுக்காத ஆணி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் நண்பருடைய வீடு எழுபதுகளில் கட்டியது. கீழ்த்தளம் செங்கல், மேல்மாடிச் சுவரை வெளியே மூடியிருப்பது வெள்ளை அலுமினிய சைடிங். கதவைத் தட்டி வந்த விற்பனையாளர் ஒருவர், அதைக் கழற்றிவிட்டு வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை போடலாம் என்று பேசி, அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டார். அதன் பிறகுதான் நண்பருக்கு யோசனை வந்தது. வினைலா அலுமினியத் தகடா என்று கேட்க அவருக்குத் தெரிந்த ஓர் அண்ணையிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணை வடமராட்சிக்காரர். 1989இல் கனடாவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவியவர். பிறகு ஓர் இத்தாலியரிடம் ஏணி பிடிக்கச் சேர்ந்தார். பல காலம் ஏணிதான் பிடித்தாராம். கடைசியில் ஒருநாள் முதலாளி பிரேக்கைத் தொட விட்டார்.

பிரேக் என்றால் தகடு மடிக்கும் கருவி. பத்தடிக்கு மேல் நீளம். அண்ணை அன்று வேலை செய்த வீட்டின் முற்றத்தில் நான்கு கால்களில் நின்றது. 24 அங்குல அகலத்தில், 50 அடிச் சுருளாக வரும் அலுமினியத் தகட்டை வெட்டித் தாடைக்குள் செருகி, கைப்பிடியைத் தூக்கினால் தகடு மடிகிறது. தூக்குவது பெரிய வித்தையில்லை, எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம். பழைய யன்னல் சட்டத்தின் மேலகலமும் கீழகலமும் ஒன்றாக இராது. "இந்த வீட்டிலை நேர்கோடு ஒண்டும் இல்லைத் தம்பி" என்றபடி, தகட்டின் ஓரத்தில் ஆணியால் கீறி அடையாளமிட்டார். விளிம்பைத் தன்மேலேயே ஒருமுறை மடித்தார். அதனால் தகடு விறைப்பாகும், விரலையும் வெட்டாது. சுவருக்கு வினைல் போட்டாலும் யன்னலோரத்துக்கும் கூரையோரப் பலகைக்கும் பெரும்பாலும் இந்த அலுமினியம்தான். மழைத்தண்ணீர் உள்ளே போவதும் போகாததும் இந்த மடிப்பிலேயே இருக்கிறது.

சுவரில் தாள் சுற்றுவது, அடிப்பட்டி பிடிப்பது எல்லாம் சலிப்பான வேலை, விட்டுவிடுகிறேன். ஆணியடிப்பதை மட்டும் சொல்ல வேண்டும். வினைல் பலகையின் மேலோரத்தில் நீளவாக்கில் துளைகள் இருக்கின்றன. ஆணி துளையின் நடுவில் இறங்க வேண்டும். தலை பலகையில் முட்டாமல், ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் நிற்க வேண்டும். பன்னிரண்டரை அடிப் பலகை பனிக்கும் கோடைக்கும் இடையில் அரை அங்குலமளவுக்கு நீண்டு சுருங்கும்.

"இதைச் சுவரிலை ஒட்டுறதில்லைத் தம்பி, தொங்க விடுறது. கொடியிலை போட்ட சாரம் மாதிரி. இறுக்கி அடிச்சால் ஆடி மாச வெயிலுக்கு வயிறு தள்ளும்."

அலுமினியமும் விரியும், ஆனால் வினைலின் மூன்றிலொரு பங்கு அளவுக்குத்தான்.

எது நல்லது? அண்ணையிடம் ஒற்றைப் பதில் இல்லை. வினைல் மலிவு. நிறம் பலகை முழுவதும் ஊறியிருப்பதால் கீறல் தெரியாது. தகடு பந்து பட்டாலே நெளியும், பழசானால் தொட்ட விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். ஆனால் கடுங்குளிரில் வினைல் நொறுங்கும். 2020 ஜூன் 13 அன்று கல்கரியின் வடகிழக்கில் பெய்த ஆலங்கட்டி மழைக்குப் பிறகு வினைல் சுவர்கள் பொத்தல் பொத்தலாக நின்றன. ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் வினைல் இளகத் தொடங்கும்; சுவரையொட்டி இறைச்சி வாட்டும் அடுப்பை வைத்தால் போதும். பக்கத்து வீட்டின் வெப்பந்தடுக்கும் யன்னல் கண்ணாடியிலிருந்து தெறிக்கும் வெயிலிலேயே நெளிந்த சுவர்களும் உண்டு. ஸ்காபரோவில் வீடுகள் நெருக்கமாகவே நிற்கின்றன.

அண்ணைக்குக் கூலி 'ஸ்குவயர்' கணக்கில், அதாவது நூறு சதுர அடிக்கு இவ்வளவு என்று. வெறும் சுவரில் ஸ்குவயர் ஓடும். யன்னலைச் சுற்றி அவர் கீறி, மடித்து, திரும்பப் பொருத்திப் பார்க்கும் நேரத்துக்கு அந்தக் கணக்கில் சரியான இடமில்லை. நடுவில் விற்பனையாளருக்குத் தரகு, ஒப்பந்தக்காரருக்கு இலாபம். இவர்களில் ஒருவரும் ஏணியில் கால் வைப்பதில்லை. மிச்சத்துக்கு வேலை செய்பவன் அவசரப்படாமல் என்ன செய்வான்? இறுகிய ஆணிகள் அந்த அவசரத்தில் அடிக்கப்பட்டவை. கழற்றும் அலுமினியத்துக்குப் பழைய இரும்புக்கடையில் காசு கிடைக்கும், பழைய வினைலோ பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. நண்பரின் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தோம். கழற்றிய தகடு யாருக்கு என்று ஒரு வரியும் இல்லை. பேரி லெவின்சன் 1987இல் எடுத்த 'டின் மென்' படத்தில், அறுபதுகளின் பால்ற்றிமோரில் ஆட்களை ஏமாற்றி விற்பது இதே அலுமினியத்தைத்தான். சரக்கு மாறியிருக்கிறது, வியாபாரம் மாறவில்லை.

மாலையில் அண்ணை நண்பரின் வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "தகடு நல்லாத்தான் இருக்கு. ஏன் கழற்றிறியள்?" முன்பக்கம் நெளிந்த இரண்டு பலகைக்கு அதே வடிவம் இப்போது கடையில் கிடைக்காது; பின்பக்கத்தில் நல்லதைக் கழற்றி முன்னால் போட்டு, நெளிந்ததைப் பின்னால் மாற்றலாம், பிறகு முழுவதற்கும் வர்ணம் பூசினால் போதும் என்றார். வீட்டு வாசலில் போட்ட இப்படியான ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே கைவிட ஒன்ராறியோச் சட்டம் இடம் கொடுக்கிறது. நண்பர் அன்றிரவே ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுதி அனுப்பினார். பலகை மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்ட அண்ணை, வர்ணம் பூசுவது தன் வேலையில்லை என்று வேறொருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்.