வேங்கடத்து வழியில் ஐந்து நாட்கள்

குடும்பத்தோடு நெடுவழி செல்லத் திட்டம் வகுப்போர், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, காண வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது வழக்கம். சேர்ப்பது எளிது, விடுவதே அரிது. முதியோரும் சிறுவரும் உடன்வரும் பயணத்தில் விடத் தெரிந்தவரே நன்கு காண்பவர் என்பது எம் துணிபு.

பெங்களூரில் வாழும் நம் அன்பர்களுள் ஆண்டுதோறும் திருப்பதி செல்லாத குடும்பம் குறைவு. இரவிலே புறப்பட்டு, விடியலில் மலையேறி, தரிசனம் முடிந்ததும் லட்டுப் பையோடு வீடு திரும்பிவிடுகிறோம். இடையிலுள்ள ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வழியில் என்ன இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்டால், சுங்கச் சாவடிகளையே சொல்வார்கள். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகக் கூறும் வேங்கடத்தை உறக்கத்திலே கடந்துவிடலாமா? இவ்வெண்ணத்தால், கடந்த பிப்ரவரித் திங்களில் ஐந்து நாட்கள் ஒதுக்கிச் சுற்றுவழியாகச் சென்று வந்தோம்.

எம்முடன் வந்தவர் எழுவர். அவருள் பாட்டியாருக்கு வயது 76. மூத்த பேரனுக்கு 11. அவன் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கிறான். வீட்டில் தமிழ் பேசுவான், படிக்க அறியான். ‘தமிழ் அடுக்களையில் பேசும் மொழி’ என்றே அவன் நினைத்திருந்தான். அந்நினைவு மாற வேண்டும் என்பதும் இப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆதலால், புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே, நாளுக்கு இரண்டு மூன்று எழுத்தாகப் பாட்டியார் அவனுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

முதலில் காலத்தைத் தேர்ந்தோம். சித்தூர்ச் சீமை மாம்பழத்திற்குப் பெயர்போனது. கனியை விரும்பினால் கோடையில் செல்லல் வேண்டும். அவ்வெயிலைப் பாட்டியார் தாங்கார். பழவேற்காட்டு ஏரியின் பறவைகளை விரும்பினால் குளிர்காலம் வேண்டும். மார்கழியிலோ வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் மிகுதி. பிப்ரவரியில் கூட்டம் சற்றுத் தணியும், பறவைகள் இருக்கும், மாமரங்கள் பூத்து நிற்கும். கனியை விட்டோம், பூவைக் கொண்டோம்.

அடுத்து, திருமலைத் தரிசன நாளை உறுதி செய்தோம். 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்னரே பெறல் வேண்டும். விரும்பிய நாள் கிடைக்குமென்ற உறுதி இல்லை. எனவே, கிடைத்த நாளை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களை அமைத்தோம். ஆதார் அட்டைகளை அனைவரும் மறவாமல் எடுத்துக்கொண்டனர்.

முதல் நாள் வடக்கு நோக்கிச் சென்றோம். நந்திமலையைச் சூழ்ந்த சிக்கபள்ளாபூர்ப் பகுதியில், ‘பெங்களூர் நீலம்’ என்னும் கருந்திராட்சை பந்தலில் படர்ந்திருக்கிறது. உண்ணவும் சாறு பிழியவும் மது வடிக்கவும் பயன்படும் இது, புவிசார் குறியீடு பெற்றது. அங்கே சிறிது நேரம் நின்று, தாகூர் 1919இல் ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்த மதனப்பள்ளியைக் கடந்து, மாலையில் ஹார்ஸ்லி மலையை அடைந்தோம். 4,000 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது அம்மலை. கடப்பை ஆட்சியராயிருந்த ஹார்ஸ்லி 19ஆம் நூற்றாண்டில் அங்கே வீடு கட்டியதால் அப்பெயர் வந்தது. ஊரார் வழங்கும் பழம்பெயர் ‘ஏனுகு மல்லம்மா கொண்டா’ என்பதாம். யானைகள் காத்த பெண்ணின் கதையைக் கேட்டவாறே சிறுவர் உறங்கினர்.

இரண்டாம் நாள் சந்திரகிரி. விசயநகர வேந்தரின் பிற்காலத் தலைநகர் இது. 1639இல் சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்ட நிலம் அளித்த தாமல் வெங்கடாத்ரி நாயக்கர், இங்கிருந்து ஆண்ட அரசருக்கு அடங்கியவரே. ராஜமகால் இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. தலைக்கோனை அருவியையும் சேர்க்கலாமென இளையோர் கூறினர். அன்று பாட்டியாருக்கு நண்பகல் ஓய்வு வேண்டியிருந்ததால் அதனை விட்டோம்.

மூன்றாம் நாள் திருமலை. மலைப்பாதையில் ஏற ஒரு சாலையும் இறங்க ஒரு சாலையும் உண்டு. முதற்சாலை 1944இல் திறக்கப்பெற்றது. இன்னின்ன நேரத்திற்கு முன் ஊர்தி சென்று சேரக்கூடாதென விதித்து, விரைந்து செல்வோருக்குத் தண்டம் இடுகின்றனர். வளைவுகளில் தலைசுற்றும் சிறுவருக்கு அவ்விதி ஒரு நன்மையே. அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறி நடந்து செல்ல விரும்புவோர் ஒன்றைக் கருதல் வேண்டும். 2023 ஆகஸ்டில் அவ்வழியில் ஒரு சிறுமி சிறுத்தைக்கு இரையானாள். அதன்பின் பிள்ளைகளுடன் நடப்போருக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. அன்றைய விதியைக் கேட்டறிந்தே கால்வைக்க வேண்டும். கோயிலுள் கருவறை வாயிற்படி குலசேகர ஆழ்வார் பெயரால் வழங்குகிறது. மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவை ஒலிக்கிறது. மதில்களிலே தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. ஆயினும் வரிசையில் நகர்வோர்க்கு நின்று நோக்கப் பொழுதில்லை.

நிற்க இடம் தந்த ஊர் குடிமல்லம். நான்காம் நாட்காலையில், திருப்பதிக்கும் காளத்திக்கும் இடையே வழிவிலகி அங்கே சென்றோம். கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டினது என அறிஞர் பலர் கருதும் சிவலிங்கமும், தூங்கானை மாடக் கோயிலும், பல்லவர், வாணர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் அங்குள்ளன. கூட்டமில்லை. பேரன் சுவரருகே நெடுநேரம் நின்றான். பழைய எழுத்து இன்றைய எழுத்தினின்று பெரிதும் மாறுபட்டது. எனினும் சிறிது பொழுதில், “பாட்டி, இதோ ட! இதோ ப!” என்று கூவினான். பிறகு அவன் கேட்டான்: “அப்படியானால் இது நம்ம ஊரா பாட்டி?”

எளிய வினா அன்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகம் வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. இளமையில் அச்செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர் பாட்டியார். அவர் சற்றே எண்ணி, “நம்மவங்க எழுதி வச்ச ஊருப்பா. அவங்க காப்பாத்தி வச்சிருக்கிற ஊரு. ரெண்டு பேருக்கும் உறவு” என்றார். பிறர் நிலத்தில் குடியிருந்து நம் மொழியைப் பேணும் நமக்கு இவ்விடையின் பொருள் நன்கு விளங்கும்.

அன்று காளத்தியில் கண்ணப்பரின் தலத்தை வணங்கினோம். 1516இல் கிருஷ்ணதேவராயர் எடுத்த கோபுரம் 2010 மே மாதத்தில் இடிந்து வீழ்ந்தது. அவ்விடத்தில் புதியது எழுந்து நிற்கிறது. சந்திரகிரியையும் காளத்தியையும் தொட்டு ஓடும் பொன்முகலியாறு கிழக்கே வங்கக் கடலை நோக்கிச் செல்ல, யாமும் கிழக்கே சென்று, சூலூர்ப்பேட்டையிலிருந்து பழவேற்காட்டு ஏரியை ஊடறுத்து ஸ்ரீஹரிகோட்டா நோக்கிச் செல்லும் சாலையில் நின்றோம். இருபுறமும் உப்புநீர், தொலைவிலே இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள். அலைகடலைக் காண இன்னும் நெடுந்தூரம் செல்லவேண்டும் என்றதும் சிறுவர் முகம் வாடினர். பறவைகள் எழுந்து பறந்தபோது அவ்வாட்டம் மறைந்தது.

ஐந்தாம் நாள் சித்தூர் வழியே திரும்பினோம். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைமையூர் அது. பூத்த மாந்தோப்புகளின் மணம் வழிநெடுகத் தொடர்ந்தது. கடைகளில் யாம் தமிழில் கேட்டதற்குத் தமிழிலும், பக்கத்தில் நின்றவர் தெலுங்கில் கேட்டதற்குத் தெலுங்கிலும் கடைக்காரர் தடையின்றி விடையிறுத்தார். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரை வணங்கி, பலமனேர், முல்பாகல், கோலார் வழியே இரவுக்கு முன் வீடு சேர்ந்தோம்.

அன்பர்களுக்கு யாம் கூறுவது இவ்வளவே. தரிசன நாளை முதலில் உறுதி செய்க. பாட்டியாரின் களைப்பைக் கொண்டு நாளின் அளவை அறிக. ஒவ்வொரு நாளும் ஓரிடத்தையேனும் விட்டுவிடுக. புறப்படுமுன் பிள்ளைகளுக்குச் சில எழுத்துகளையேனும் கற்பித்துக் கூட்டிச் செல்க. கற்சுவர் மிகுதியைக் கற்பிக்கும்.