கை கடைசியில் போகட்டும்

தீர்த்தமலையில் காவலர் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள், மாலை ஓட்டம் முடிந்ததும் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்வார்கள். வெடிகுண்டு கண்டறியும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், புதிதாக வருகிற யாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, சிவப்பு ஒயரை வெட்டணுமா, நீல ஒயரை வெட்டணுமா?" சினிமாவும் துப்பறியும் கதையும் சொல்லிக் கொடுத்த கேள்வி அது. எங்கள் வேலையில் பெரும்பங்கு தேடுவதுதான். ஆகவே தேடுவதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன்.

ஓர் அறையைச் சோதிக்கப் போனால் வாசலிலேயே நில். எந்த சுவிட்சையும் தொடாதே. கண்ணை மூடிக் காதைத் திற. கடிகாரம், ஃப்ரிட்ஜ், தெருச் சத்தம் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்வரை நகராதே. பிறகு இரண்டு பேர் முதுகோடு முதுகு வைத்துத் தொடங்கி, ஆளுக்கொரு பக்கமாகச் சுவரோரம் நடந்து எதிர்ச்சுவரில் சந்திக்க வேண்டும். முதல் சுற்றில் தரையிலிருந்து இடுப்புவரை, அடுத்த சுற்றில் இடுப்பிலிருந்து தாடைவரை, அதற்கடுத்து கூரைவரை. 'ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்' என்கிறவன் எதையும் பார்த்திருக்க மாட்டான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் உதவி ஆய்வாளர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேதான் சோதனைக்குப் போவார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கேட்பாரற்றுக் கிடந்த பையை, புதிதாக வந்த காவலர் ஒருவர் வாரைப் பிடித்துத் தூக்கக் குனிந்தார். சட்டைக் காலரைப் பற்றி இழுத்தார் குருநாதர். கூட்டத்தை விலக்கி, கொக்கி மாட்டி, கயிற்றைத் தூரத்திலிருந்து இழுத்துப் பார்த்தால் உள்ளே சேலையும் டிபன் பாக்ஸும். காவலர் சிரித்தார். "சேலை இருந்தது உன் அதிர்ஷ்டம்டா. அதனால நீ செஞ்சது சரின்னு ஆயிடாது," என்றார் குருநாதர். அந்தக் காவலர் பின்னாளில் நல்ல கைக்காரர் ஆனார்.

கருவிகள் நிறைய வந்துவிட்டன. எக்ஸ்ரே, வண்டிக்கு அடியில் பார்க்கும் கண்ணாடி, பாம் சூட், பாம் பிளாங்கெட், ரோபோ எல்லாம் உண்டு. பாம் சூட்டைப் போட்டால் முப்பது கிலோவுக்கு மேல் உடம்பில் ஏறும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் சில நிமிடத்திலேயே முகக் கண்ணாடி வியர்வையால் மங்கும். மூச்சைச் சீராக விடப் பழகாதவனுக்கு அது கவசமாகாது. மோப்ப நாயும் வெயிலில் சீக்கிரம் களைத்துப்போகும். நெடுநேரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு ஆர்வம் விட்டுப்போகும். அப்போது பயிற்சி மாதிரியை ஓரிடத்தில் ஒளித்து வைத்து, அதைக் கண்டுபிடிக்கவிட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும். நாயை ஜெயிக்கவிடத் தெரிந்தவன்தான் அதை நடத்த முடியும்.

நம் ஊரில் பெரிய குண்டுகளைவிட அதிகம் கிடைப்பது அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடி. காட்டுப்பன்றிக்கு வைப்பார்கள். மேயப் போன மாடு கடித்தால் வாயே சிதறிப்போகும். அதை வரப்பில் பார்த்தவர், நல்லது செய்வதாக நினைத்துத் துண்டில் முடிந்து ஸ்டேஷன் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிடுவார். தொடாமல் விலகி நிற்பதில் கல்குவாரிக்காரர்களுக்கு நல்ல ஒழுக்கம் உண்டு. வெடிக்காத குழி பக்கம், வெடி வைக்கிறவர் போகச் சொல்லும்வரை ஒருவரும் போகமாட்டார்கள்.

வெடித்த பிறகும் வேலை இருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு காவலர்கள் பலரும் இறந்தார்கள். தமிழகத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன், சிதறிய துணியையும் ஒயரையும் ஒன்றோடொன்று பொருத்தி, குண்டைப் பெல்ட்டாகக் கட்டி வந்தது ஒரு பெண் என்று நிறுவினார். மண்ணைச் சலித்து, துணுக்கு துணுக்காகப் பிரித்து வைக்கும் அந்தப் பொறுமையும் எங்கள் தொழிலின் பாகம்தான். அன்று பாதுகாப்புப் பணியில் இருந்து படுகாயத்தோடு பிழைத்த உதவி ஆய்வாளர் அனுசுயா, அதே காக்கிச் சட்டைக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அந்தத் திரும்பி வருதலை நான் மிகவும் மதிக்கிறேன்.

எல்லோராலும் அது முடிவதில்லை. 58 பேரைப் பலிகொண்ட 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்பு போன்ற ஒரு நாளைக் கண்ணால் பார்த்தவனுக்கு, இடத்தைக் கழுவிவிட்டாலும் மூக்கில் வாடை போகாது. தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் ஒண்டியவர்களையும், தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். கதைகளில் அப்படிப்பட்ட துப்பறிவாளர் தனியாகவே எல்லாவற்றையும் சுமந்து குற்றவாளியைப் பிடிக்கிறார். நிஜத்தில் தூக்கமில்லாதவனின் கண் தப்பவிடும். பக்கத்தில் நிற்பவனுக்கும் அது ஆபத்து. குருநாதர் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் டீக்கடையில் எங்களை உட்காரவைத்து, பயந்ததை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். சொல்லாதவரை அடுத்த அழைப்புக்குக் கூட்டிப்போகமாட்டார். சொல்லியும் தீரவில்லையென்றால் மனநல மருத்துவரிடம் போ. காய்ச்சலுக்குப் போவதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு?

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளே, தைரியம் இருக்கிறதா என்று உங்களை நான் கேட்கமாட்டேன். சும்மா நிற்கத் தெரியுமா என்றுதான் கேட்பேன். வேலைக்கு வராதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: மாசி மகக் கூட்டத்தில் ஆளில்லாத பையோ, காட்டோரம் சணல் சுற்றிய உருண்டையோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், உதைத்துப் பார்க்காதீர்கள், ஸ்டேஷனுக்குக் கொண்டுவராதீர்கள். மற்றவர்களையும் விலக்கிவிட்டு, தள்ளிப்போய் நின்று 112-ஐ அழையுங்கள்.