கடை மாற்றிய கதை

சென்ற மாதம் ஒரு மாலை, நம் சங்கத்தின் செயலாளர் என் அறைக்கு வந்தார். கையில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருந்தது. சங்க நூலகத்தின் பதிவேடு அது.

"சார், இந்தப் பட்டியலைக் கணினிக்கு மாற்றப் போகிறோம். இரண்டு பேர் உட்கார்ந்து அடித்தால் ஒரே ராத்திரி வேலை" என்றார்.

"அலமாரியைத் திறந்து பார்த்தீர்களா, தம்பி?"

"அது எதற்கு, சார்? பட்டியல்தான் கையில் இருக்கிறதே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. 2012-இல் இதே வளாகத்தில் மாணவனாக இருந்த நான், இதே வாக்கியத்தை இதே தைரியத்தோடு சொன்னவன். அந்தக் கதையைச் செயலாளருக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதையே மலருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார். ஆகவே, அன்பர்களே, குற்றம் என்னுடையதானாலும் அச்சேறிய பழி அவருடையது.

நான் அப்போது ஒரு கடைக்காரன். என் கடைக்குக் கூரை உண்டு, மழை கிடையாது. நிலம் உண்டு, மண் கிடையாது. செகண்ட் லைஃப் என்ற கணினி உலகத்தில் இருந்தது அந்தக் கடை. அமெரிக்காவில் லிண்டன் லாப் என்ற நிறுவனம் 2003-இல் திறந்துவைத்த உலகம் அது. இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே போகிறவர் தமக்கென ஓர் உருவத்தை வகுத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், வீடு கட்டலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம். அங்கே இருக்கும் வீடு, மரம், சட்டை, செருப்பு எல்லாம் பெரும்பாலும் குடிமக்களே செய்தவை. செய்ததை விற்கலாம். நாணயத்தின் பெயர் லிண்டன் டாலர். ஏறக்குறைய 250 லிண்டன் கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர் கிடைக்கும்.

என் கடையில் 23 சரக்குகள். திண்ணை, குத்துவிளக்கு, தகர டிரங்குப் பெட்டி, அம்மிக்கல் இப்படி. வீட்டு நினைவு வந்தபோதெல்லாம் ஒரு சாமான் செய்து வைத்தேன் என்பதே உண்மை. எல்லாவற்றிலும் நன்றாக விற்றது ஊஞ்சல்தான். பித்தளைச் சங்கிலி, தேக்குப் பலகை. விலை 150 லிண்டன். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 30 ரூபாய். வாங்கியவர்களில் தமிழர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊஞ்சலாட நாடு ஏது, மொழி ஏது?

சரக்கு வாங்குகிறவரிடம் போய்ச் சேரும் வழியை இங்கே சொல்ல வேண்டும். 2009-இல் அந்த நிறுவனம், குடிமக்கள் நடத்திவந்த ஒரு வலைச்சந்தையை விலைக்கு வாங்கி, மறு ஆண்டு தன் சொந்தச் சந்தையாக்கிக்கொண்டது. கடைக்காரர் அங்கே ஒவ்வொரு சரக்குக்கும் படம், விலை, விளக்கம் போட்டு ஓர் அறிவிப்பு வைப்பார். சரக்கோ அறிவிப்பில் இராது. அது அந்தக் கணினி உலகத்தில், கடைக்காரரின் நிலத்தில் நிற்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அதற்கு 'மேஜிக் பாக்ஸ்' என்று பெயர். யாராவது வலைச்சந்தையில் பணம் கட்டினால், பெட்டி தன் வயிற்றிலிருந்து ஒரு பிரதியை எடுத்து அவருக்கு அனுப்பும். நிலம் இல்லாவிட்டால் பெட்டி இல்லை. பெட்டி இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை. நான் 512 சதுர மீட்டர் வாடகைக்கு எடுத்திருந்தேன். அவ்வளவு நிலத்தில் அன்று 117 துண்டுகளுக்கு மேல் வைக்க இடமில்லை. ஊஞ்சல் ஒன்றே 14 துண்டுகளை விழுங்கிவிடும்.

2011 மழைக்காலத்தில் ஊஞ்சலைப் புதிதாகச் செய்தேன். பழையதில் ஒருவர்தான் உட்காரலாம், புதியதில் இருவர். கடை வாசலில் புதியதை மாட்டினேன். அதைப் படம் பிடித்து அறிவிப்பில் போட்டேன். "இருவர் அமரலாம்" என்று விளக்கமும் எழுதினேன். பெருமையாக இருந்தது.

நவம்பரில் பருவத் தேர்வு. முதல் தேர்வுக்கு முந்தின இரவு ஒரு செய்தி வந்தது. ஊஞ்சல் வாங்கிய ஒருவர், அதில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார். பலகையை இரண்டாம் முறை சொடுக்கத் தெரியாத ஆசாமி போலிருக்கிறது என்று நினைத்தேன். "விளக்கத்தைச் சரியாகப் படித்துப் பாருங்கள்" என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன். அவர் மறுபடி எழுதவில்லை. அறிவிப்பின் கீழே ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, சிறு குறிப்பு எழுதினார். அங்கே அன்று அவர்களுக்குக் கல்யாணமாம். ஊஞ்சலில் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். மற்றவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம். கடைக்காரர் விளக்கத்தைப் படிக்கச் சொன்னாராம். அவ்வளவுதான். வசவு ஒன்றுமில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எத்தனையோ பேர் வாங்கினார்கள். ஒருவராவது குறை சொன்னதுண்டா? இந்த மனிதர் ஒருவருக்காக என் ஊஞ்சலின் மதிப்பு இறங்கிவிட்டதே என்று பொருமினேன்.

2012 மார்ச்சில் நிறுவனம் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 'டைரக்ட் டெலிவரி' என்று பெயர். இனிச் சரக்கு கடைக்காரரின் நிலத்துப் பெட்டியில் காத்துக்கிடக்க வேண்டாம். நிறுவனத்தின் கணினிகளுக்கே நேராக ஏற்றிவிடலாம். வாங்கியவருக்கு அங்கிருந்தே போய்விடும். நிலமும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். பிரதி எடுக்க முடியாத சரக்குகளுக்கு மட்டும் பழைய பெட்டியே கதி. என்னுடையவை எல்லாம் பிரதி எடுக்கத் தக்கவை.

ஏப்ரல் மாதத்து அனல் காற்றில், விடுதி அறையில் தண்ணீர்க் கூலர் உறுமிக்கொண்டிருக்க, வேலையைத் தொடங்கினேன். "பட்டியல் இருக்கிறது. 23 அறிவிப்பு. ஒரே ராத்திரி வேலை" என்று அறைத்தோழனிடம் சொன்னேன்.

அங்கேதான் இடறியது. பழைய முறையில் சரக்கை ஒரு சிறு பொட்டலத்துக்குள் கட்டி, அந்தப் பொட்டலத்தை மேஜிக் பாக்ஸில் போடுவது வழக்கம். புதிய முறையில் பொட்டலம் வேண்டியதில்லை. உள்ளே உள்ளவற்றை ஓர் உறையில் பரப்பி அனுப்பினால் போதும். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிக்க வேண்டி வந்தது. வீடு மாற்றும்போது பரணை இறக்கியவர்களுக்கு என் நிலை புரியும். குத்துவிளக்குப் பொட்டலத்தில் திரி இல்லை. டிரங்குப் பெட்டியில் உபயோகக் குறிப்பு இரண்டு தடவை இருந்தது. அம்மிக்கல் பொட்டலத்தில் குழவியைக் காணோம்.

பதினேழாவதாக ஊஞ்சலைப் பிரித்தேன். உள்ளே இருந்தது பழைய ஊஞ்சல். ஒருவர் உட்காரும் ஊஞ்சல்.

வாசலில் புதியதை மாட்டினேன்; படத்தை மாற்றினேன்; விளக்கத்தை மாற்றினேன். பெட்டிக்குள் சரக்கை மாற்ற மறந்துவிட்டேன்! எட்டு மாதமாக அறிவிப்பு ஒன்றைச் சொல்ல, பெட்டி வேறொன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் சொன்னது முழுக்க உண்மை. விளக்கத்தைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவரே. படித்ததனால்தான் குறையைக் கண்டார்.

விற்பனைக் கணக்கைப் பார்த்தேன். படம் மாற்றிய நாளிலிருந்து 41 பேர் வாங்கியிருந்தார்கள்.

இனிமேல்தான் சோதனை. ஏற்றிய சரக்கை என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பழைய அறிவிப்போடு அதை இணைக்கலாம். அப்படிச் செய்தால் பழைய நட்சத்திரங்களும் குறிப்புகளும் கூடவே வரும். அல்லது புதிதாக ஓர் அறிவிப்பைத் தொடங்கிப் பழையதை நீக்கிவிடலாம். புதிய அறிவிப்பு துடைத்த பலகை போல இருக்கும்.

அறைத்தோழன் மதுரைக்காரன், நடைமுறை தெரிந்தவன். "புதுசாப் போட்டுட்டுப் போடா. அந்த ஒத்தை நட்சத்திரத்தை எதுக்குச் சுமக்கிறே? இப்போதான் சரக்கைச் சரி பண்ணிட்டியே!" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. குறை தீர்ந்த சரக்குக்குப் பழைய குறிப்பு பொருந்தாதுதானே? இரவு இரண்டு மணி வரைக்கும் அந்த வாதத்தைப் பல விதமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் உறுத்தியது. அந்தக் குறிப்பு சொன்னது ஊஞ்சலைப் பற்றி மட்டுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலே பதில் சொன்ன கடைக்காரரைப் பற்றியும் அல்லவா? ஊஞ்சலைச் சரி செய்தாயிற்று. கடைக்காரர் சரியாகிவிட்டார் என்பதற்கு என்ன சான்று? வாணிகத்தைப் பற்றிய குறளை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்த காரணம் அன்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

பழைய அறிவிப்போடே இணைத்தேன். விளக்கத்தின் முதல் வரியாக, "2012 ஏப்ரலுக்கு முன் எட்டு மாதங்கள் நான் தவறான ஊஞ்சலை அனுப்பியிருக்கிறேன், அது என் பிழை" என்று சேர்த்தேன். பிறகு 41 பேரையும் ஒவ்வொருவராகத் தேடி, புதிய ஊஞ்சலையும் மன்னிப்புக் கடிதத்தையும் கையால் அனுப்பினேன். அதற்கு மூன்று இரவுகள் ஆயின. ஆறு பேர் அந்த உலகத்தை விட்டே போயிருந்தார்கள். மீதி 35 பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். அந்த ஒன்பது கடிதங்களில் கற்றதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் கற்கவில்லை. இருவர் நன்றி சொன்னார்கள். மூவர், குறை தெரிந்தும் முப்பது ரூபாய்ச் சாமானுக்கு யார் எழுதிக்கொண்டிருப்பது என்று விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மற்ற நால்வரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: "நான் தனியாகத்தான் உட்காருகிறேன். இருவர் உட்காரலாம் என்பதையே கவனிக்கவில்லை."

"ஒருவராவது குறை சொன்னதுண்டா?" என்று நவம்பரில் மார்தட்டினேனே, அந்த மௌனத்துக்குள் இருந்தது இதுதான். சிலருக்கு அலுப்பு, சிலருக்குத் தனிமை. அதை எனக்குக் கிடைத்த நற்சான்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று நின்றுகொண்டிருந்தவரிடமிருந்து பதில் வரவில்லை. ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருந்தது. கேட்டுப் பெற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

2015-இல் நிறுவனம் மறுபடியும் முறையை மாற்றியது. கணினி உலகத்துக்குள், கடைக்காரரின் சொந்தச் சரக்கறையிலேயே ஒரு தனி அடுக்கு. அதில் வைத்தபடியே சந்தையில் விற்கலாம். பிரதி எடுக்க முடியாதவற்றுக்கும் அங்கே இடம் கிடைத்தது. மேஜிக் பாக்ஸின் காலம் முடிந்தது. நான் படிப்பு முடித்து வேலைக்குப் போயிருந்தேன். இருந்தாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி, 23 சரக்குகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஊஞ்சலில் நானே உட்கார்ந்து பார்த்து, பக்கத்தில் அறைத்தோழனையும் உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் மாற்றினேன். அவன் அதற்குள் சென்னையில் இருந்தான். அலுவலக வேலைக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்து, "ஆடுதுடா, போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இதையெல்லாம் செயலாளரிடம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. பட்டியலைப் பெயர்த்து எழுதுவது ஒரே ராத்திரி வேலைதான். ஆனால் சரக்கை எடுத்துப் பார்க்க நமக்கு வாய்க்கும் சந்தர்ப்பம் இந்த இடமாற்றம் ஒன்றே. அடுத்த சந்தர்ப்பம் எத்தனை ஆண்டு கழித்து வருமோ! அவர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

மறுவாரம் அலமாரியைத் திறந்தார்களாம். நோட்டில் உள்ள பல நூல்கள் அலமாரியில் இல்லை. அலமாரியில் உள்ள சில, நோட்டில் இல்லை. அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய இரவல் சீட்டுகள். அவற்றில் ஒரு சீட்டைச் செயலாளர் மிகுந்த மரியாதையோடு என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். 2012 பிப்ரவரித் தேதி போட்டிருந்தது. நூலைத் திருப்பியதற்கு அடையாளம் இல்லை. கையெழுத்து என்னுடையது.

அன்பர்களே, தேடிக்கொண்டிருக்கிறேன்.