நீல டேப்பும் வெள்ளை டேப்பும்

மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அன்றிரவு ‘மெடிக்கல்’ என்றால் அதுதான். சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் திருவிழாவை ஒட்டி மின்னொளி கபடிப் போட்டி. மதுரையில் கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொந்த ஊர்ப் பாசத்துக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறைய டேப் ரோல்கள். வரும் பையன்களில் பாதிப் பேர் அடிபட்டவர்களே இல்லை. “அண்ணே, நமக்கும் ஒண்ணு ஒட்டிவிடுங்க” என்று காலை நீட்டுகிறார்கள். இந்த டேப் உண்மையிலேயே வேலை செய்கிறதா, வெறும் மனத்தைரியமா என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

முதலில் வந்தவன் ரைடர். போன வருஷம் இதே காலில் இரண்டு முறை சுளுக்கு. பிசியோ அவனுடைய பாதத்தைத் தன் வயிற்றில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டார். “தொங்கவிடாத தம்பி, நேரா நிமித்தி வை.” கரண்டையைச் சுற்றி மெல்லிய நுரைப்பட்டை. கெண்டைச்சதைக்குக் கீழே வெள்ளை டேப்பில் ஒரு வளையம். அதிலிருந்து ஒரு பட்டை உள்பக்கமாக இறங்கி, குதிகாலுக்கு அடியில் புகுந்து, வெளிப்பக்கம் இறுக்கமாக ஏறியது. பாதியை மறைத்து அடுத்தது. அதன்மேல் இன்னொன்று. “இழுக்கிற திசைதான் சார் எல்லாம். பாதம் உள்பக்கமாத்தான பெரளுது? அப்ப வெளியே தூக்கிப் பிடிக்கணும். மாத்தி இழுத்தா நாமளே பெரட்டிவிட்ட மாதிரி.” குதிகாலைக் குறுக்கே சுற்றி ஒரு பூட்டுப் போட்டார். கத்தரியைத் தொடவே இல்லை, விரலாலேயே கிழித்துக்கொண்டு போனார். பையன் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான், ஆடியது. பக்கவாட்டில் திருப்பினான், வரவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. துத்தநாக ஆக்ஸைடு பசை தடவிய, நீளவே நீளாத துணி அது. மூட்டு எல்லை தாண்டித் திரும்பாமல் பிடித்து நிறுத்துகிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கூடைப்பந்து ஆட்டங்களைக் கணக்கெடுத்து கேரிக், ரெக்வா என்ற இருவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்போட்டு ஆடியவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கு குறைந்திருந்தது. ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்குத்தான் அதில் லாபம் அதிகம். பிசியோவும் அதைத்தான் செய்கிறார்: அடிபடாத காலை நீட்டுகிறவனை “போடா, போய் வார்ம்அப் பண்ணு” என்று திருப்பி அனுப்புகிறார்.

ஆனால் ஆட்டம் முடிந்து அதே பையன் திரும்பி வந்தபோது பிசியோ என்னைக் கூப்பிட்டு, கட்டுக்குள் தன் இரண்டு விரல்களை விட்டுக் காட்டினார். தாராளமாகப் போனது. இருபது நிமிஷம், ஒரு இடைவேளை, மறுபடி இருபது நிமிஷம். வேர்வையும் மண்ணும் சேர்ந்து நுரைப்பட்டை நழுவிக் கிடந்தது. 1962-லேயே ராரிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்து சொன்ன விஷயம்தான் இது: பத்து நிமிஷக் கடும் பயிற்சியிலேயே பிடிமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடுகிறது. அப்புறமும் சுளுக்கு எப்படிக் குறைகிறது? தோலில் டேப் உரசுவதால் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சீக்கிரம் தெரிகிறது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிக்கடி பிரளும் கணுக்கால்களில் செய்த சோதனைகளை 2012-இல் தொகுத்துப் பார்த்தபோது, அந்த உணர்வு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மிச்சமிருக்கும் இறுக்கமே போதுமானதாக இருக்கலாம் என்பது பிசியோவின் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அடுத்து நீலம். பையன்கள் ஆசைப்படுவது இதற்குத்தான். கென்ஸோ காசே என்ற ஜப்பானியர் 1970-களில் உருவாக்கிய, ரப்பர்போல நீளும் பருத்தி டேப். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பீச் வாலிபால் வீராங்கனை கெரி வால்ஷின் தோளில் கறுப்பாகத் தெரிந்தது. 2012 யூரோ கால்பந்து அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக கோல் அடித்துவிட்டு இத்தாலி வீரர் பலோட்டெல்லி சட்டையைக் கழற்றி நின்றாரே, முதுகில் நீலப் பட்டைகளோடு, அந்தப் படம் போகாத ஊர் இல்லை. தோலை லேசாகத் தூக்கிவிடும், ரத்தம் ஓடும், தசைக்குப் பலம் ஏறும் என்றெல்லாம் விளம்பரம்.

பலம் ஏறுகிறதா என்று ஹாங்காங்கில் தந்திரமாகச் சோதித்தார்கள். முடிவு 2015-இல் வெளியானது. இந்த டேப்பைப் பற்றி எதுவும் தெரியாத 30 பேரைப் பிடித்து, ‘தசையை அளக்கும் சென்சார்’ என்று சொல்லி ஒட்டினார்கள். முறைப்படி ஒட்டினாலும், பெயருக்கு ஒட்டினாலும், ஒட்டாமலே விட்டாலும் தொடையின் பலம் ஒன்றுதான். எதிர்பார்ப்பைக் கழித்துவிட்டால் டேப்பில் மிஞ்சியது துணியும் பசையும். பிரேசிலில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 148 பேருக்குச் சரியாக இழுத்தும் இழுக்காமலும் ஒட்டிப் பார்த்தார்கள், 2014-இல். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

“படிச்சிருக்கேன் சார்” என்றார் பிசியோ, ஒருவனின் தோளில் நீலப் பட்டையை ஒட்டி, பசை பிடிக்க உள்ளங்கையால் தேய்த்தபடியே. “நான் இழுக்கிறதே இல்ல. சும்மா வச்சுத் தேய்ச்சுவிடுவேன்.” பையன் கையைச் சுழற்றிப் பார்த்து, “இப்ப நல்லா இருக்குண்ணே” என்றான். பொய் சொல்லவில்லை அவன். 2008-இல் தோள்வலி உள்ள 42 மாணவர்களிடம் செய்த ஆய்விலும், ஒட்டிய உடனே வலியில்லாமல் கையைக் கூடுதலாகத் தூக்கினார்கள். அடுத்தடுத்த நாட்களில் அந்த லாபம் நிற்கவில்லை.

இங்கே ஒரு சுவாரசியம். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கார்னர் ஆட்டக்காரர் ஒருவரிடம் டேப் பற்றிக் கேட்டேன். “எந்தக் கால்ல கட்டு இருக்கோ அதைத்தான் சார் மொதல்ல பாய்ஞ்சு புடிப்போம்” என்றார் சிரிக்காமல். அதனால் விவரமான ரைடர்கள் நல்ல காலுக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்களாம். டேப்பின் மாயம் போட்டுக்கொண்டவனைவிட எதிராளியிடம்தான் நன்றாக வேலை செய்கிறது போல.

தைரியம் வந்தால் ஆட்டம் கூடும்தானே, போகட்டும் என்று விட முடியவில்லை. 2007-இல் வந்த ஆய்வு ஒன்றில் கணுக்கால் நிலையில்லாத 30 பேருக்கு நிஜக் கட்டு, போலிக்கு ஒரு துண்டு, கட்டே இல்லை என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். நிஜமோ போலியோ, டேப் இருந்தால் கால் திடமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் குதிப்பதிலும் சமநிலையிலும் மூன்றும் ஒன்றுதான். கால் மாறவில்லை, காலைப் பற்றிய நினைப்புத்தான் மாறியிருக்கிறது. ஆடக்கூடாத காலுக்கு அந்த நினைப்பு வந்தால் என்ன ஆகும்?

காலிறுதிக்கு முன்னால் அப்படி ஒருவன் வந்தான். முட்டி ஒரு பக்கம் உப்பியிருந்தது. முந்தைய ஆட்டத்தில் திரும்பும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்டதாம்.

“நீல டேப் போட்டுவிடுங்கண்ணே, ஆடிருவேன்.”

“ஒத்தக்கால்ல மூணு தடவ குதிச்சுக் காட்டு. அப்புறம் போடறேன்.”

முதல் குதிப்பிலேயே பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கலாம், எந்த டேப்பும் அதைத் தாங்காது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஐஸ் வைத்து உட்கார வைத்தார் பிசியோ. கொஞ்ச நேரத்தில் டீம் மேனேஜர் வந்து அவன் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். காலிறுதிக்கு அணி இறங்கியபோது அவன் ஏழு பேரில் ஒருவனாக நின்றான். முட்டியில் நீல டேப். யார் ஒட்டினார்கள் என்று கேட்டேன். “மெடிக்கல் ஷாப்லயே விக்கிறாங்கல்ல சார்” என்றார் பிசியோ.